மிச்ச மருந்துக்குச் சாட்சி

செலின் கட்டைவிரலை ஒரு தடவை வைத்தால் போதும், பஞ்சவர்ணத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

விரல் வைக்க வேண்டிய திரை சாப்பாட்டுக் கூடத்தின் நீள மேசை மேல் இருந்தது. அதற்குப் பின்னால் மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் இளவழுதி உட்கார்ந்து, இல்லத்துக் காபியைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு விசாரணை. விசாரணை என்பது பேச்சுக்குத்தான். எல்லாம் முடிவாகிவிட்டது, சாட்சி வந்து விரல் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அதனால்தான் போலீஸ் ஜீப் இப்போதே வந்து, முகப்பை ரோட்டுப் பக்கம் திருப்பி நின்றிருந்தது.

பஞ்சவர்ணம் சுவரோரப் பெஞ்சில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். நாலு நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவள் புருஷன் தவசிமணி இங்கே பதினோராம் கட்டிலில் இறந்துபோனார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். கணையத்தில் புற்று. சிறுமலை அடிவாரத்து இந்த இல்லத்துக்கு யாரும் பிழைத்துப்போக வருவதில்லை, வலியில்லாமல் போய்ச்சேரத்தான் வருகிறார்கள். ஆனாலும் தவசிமணிக்கு டாக்டர் சொன்ன கெடு இன்னும் வரவில்லை. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால், கொடுக்கச் சொன்ன அளவைப்போல ஐந்து மடங்கு மார்ஃபின்.

அது எங்கிருந்து வந்தது? வருவதற்கு இரண்டே வழி. ஒன்று, நர்ஸ் ஊசி போட்ட பிறகு சிரிஞ்சில் மிஞ்சிய மருந்து. இன்னொன்று, வீட்டில் இருந்தபோது அவருக்குக் கொடுத்திருந்த மாத்திரை. பஞ்சவர்ணத்தின் பையில் அந்த அட்டை இருந்தது. எட்டு மாத்திரை குறைந்தது. வீட்டில் வலி தாங்காமல் கத்தியபோது கொடுத்தேன் என்றாள். போதாக்குறைக்கு, அவர் இறப்பதற்கு முந்தின நாள், "ஏன்யா இப்புடிக் கிடந்து சீரழியுற, போய்ச் சேரக் கூடாதா" என்று தலையில் அடித்துக்கொண்டு அவள் அழுததை வார்டே கேட்டிருந்தது.

மிச்ச மருந்து தொட்டியில் ஊற்றப்பட்டதை இங்கே ஒரு நர்ஸ் கண்ணால் பார்த்திருக்கிறாள், அவள்தான் செலின். ஆகவே மாத்திரைதான். ஆகவே பஞ்சவர்ணம்தான். கணக்குப் பாடம் மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது விஷயம்.

இந்த மிச்ச மருந்துச் சங்கதி வெளியாட்களுக்குத் தெரியாது. ஒரு குப்பி மார்ஃபினை சலைன் கலந்து பத்து மில்லி சிரிஞ்சில் ஏற்றுவார்கள். உடம்பு வற்றிப்போன நோயாளிக்கு அதில் இரண்டு மில்லி போதும். மீதியை நாளைக்கு என்று வைக்கக் கூடாது, அடுத்த கட்டிலுக்கும் போடக் கூடாது. இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு, அவர் பார்க்கப் பார்க்கக் கழுவு அறைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் எழுதியவர்கள் நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இங்கே கட்டில் முப்பத்தாறு. ஒருத்தி படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தி தொட்டிக்கு வா என்றால், புண்ணைத் திறந்து போட்டுவிட்டு யார் போவது? அதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஒரு கோடியிலிருந்து "ஊத்திட்டேன்க்கா!" என்று குரல் வரும். மறுகோடியிலிருந்து "பாத்தாச்சு!" என்று பதில் போகும். பத்தொன்பது வருஷமாக செலின் அப்படித்தான் சொல்லிவருகிறாள். யாரையும் ஏமாற்றுவதாக யாரும் நினைக்கவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்வோமே, அப்படி ஒரு பேச்சு அது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பட்டை வந்தது. எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் மிச்ச மருந்தைத் திருடித் தனக்கே போட்டுக்கொண்ட நர்ஸ் ஒருத்தி பிடிபட, இனிமேல் கையெழுத்து செல்லாது என்று துறை சொல்லிவிட்டது. வேலை முடியும்போது சாட்சி நர்ஸ் நெற்றியில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டில் எண்ணையும் மருந்தையும் சொல்லி, ஊற்றியதைப் பார்த்தாயா என்று அது கேட்கும். வாய் திறக்கத் தேவையில்லை. மண்டைக்குள் காட்சி இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. நர்ஸுகளுக்கு மட்டும்தான் இந்த மரியாதை. சந்தேகப்படும் ஆட்களின் தலையில் இதைக் கட்ட நீதிமன்றம் விடவில்லை.

பட்டை வந்த முதல் வாரம் எல்லாரும் பயந்துபோய், ஒவ்வொரு துளிக்கும் ஓடி ஓடிப் போய்ப் பார்த்தார்கள். ஒருநாள் செலினால் ஓட முடியவில்லை. ஊற்றியதைப் பார்க்காமலே பட்டையைக் கட்டிக்கொண்டாள். பச்சை எரிந்தது. மறுநாளும் பச்சை. சரி, நம் மேல் அதற்கு ஏதோ பிரியம் என்று நினைத்துக்கொண்டாள். பழையபடி குரல் கொடுப்பது ஆரம்பித்தது. பட்டைதான் இருக்கிறதே, மூன்றாவது நர்ஸ் எதற்கு என்று நிர்வாகமும் ஒரு ஆளைக் குறைத்தது.

ஞாயிற்றுக்கிழமையும் பச்சைதான். அதுமட்டுமில்லை, அவளுக்கே அந்தக் காட்சி பளிச்சென்று நினைவிருந்தது. தவசிமணிக்கு ஊசி போட்ட நர்ஸ் நிலோஃபர் சிரிஞ்சைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். எவர்சில்வர் தொட்டி. குழாயிலிருந்து நீர் சொட்டுகிறது. மருந்து விளிம்போரமாக இறங்கிப் போகிறது.

பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. கையெல்லாம் களிம்பாக இருக்கிறதே, கழுவிக்கொண்டு போகலாம் என்று, வழக்கமாக வார்டுக் குழாயிலேயே கழுவிக்கொள்கிற செலின் பல நாள் கழித்துக் கழுவு அறைக்குள் போனாள்.

உள்ளே எவர்சில்வர் தொட்டி இல்லை. வெள்ளைப் பீங்கான் தொட்டி ஒன்று புத்தம் புதிதாகச் சுவரில் உட்கார்ந்திருந்தது. குழாயும் புதுசு. சொட்டவில்லை.

அவள் கை கழுவவில்லை. வெளியே வந்து, ஊசி டிரேயை அடுக்கிக்கொண்டிருந்த நிலோஃபரைப் பிடித்தாள்.

"ஏ நிலோஃபர், தொட்டிய எப்ப மாத்துனாங்க?"

"போன புதன்கிழமக்கா. பழசு ஓட்டையாயிருச்சுன்னு மாத்துனாங்க. ஏன், நீங்க பாக்கலயா?"

"புதன்கிழமயா?"

"ஆமாக்கா. ஒரு வாரம் ஆச்சு."

ஞாயிற்றுக்கிழமை நிலோஃபர் மருந்தை ஊற்றியிருந்தால் வெள்ளைத் தொட்டியில் ஊற்றியிருக்க வேண்டும். செலின் மண்டைக்குள் இருப்பதோ எவர்சில்வர். பொய்யில்லை, எப்போதோ நிஜமாகப் பார்த்ததுதான். நூறு தடவை பார்த்து, ஆயிரம் தடவை பார்க்காமல் பார்த்தாச்சு என்று சொல்லி, கடைசியில் எல்லா நாளுக்கும் ஒரே படம் என்று ஆகிவிட்டது. ஒரு மனுஷியின் ஆயுளை இந்தப் படத்தை நம்பியா எழுதியிருக்கிறார்கள்!

"நிலோஃபர், என் கண்ணப் பாத்துச் சொல்லு. ஞாயித்துக்கெழம பதினொண்ணாம் கட்டில் மிச்சத்த ஊத்துனியா?"

நிலோஃபருக்கு இருபத்தாறு வயசு. வீட்டில் பால்குடிக்கிற குழந்தை. கேட்ட மாத்திரத்தில் அவள் முகம் வெளுத்தது.

"ஊத்துனேன்க்கா. ஊத்தாம எங்க வப்பேன்? ஊசி போட்டேன், அதுக்குள்ள நாலாம் கட்டில் தாத்தா கீழ விழுந்துட்டாரு. அவரத் தூக்கிப் போட்டுட்டு வந்து... ஊத்துனேன். பட்டைகூடப் பச்சதான காமிச்சுச்சு."

"எந்தத் தொட்டியில ஊத்துன?"

நிலோஃபர் அடுக்கிய சிரிஞ்சுகளையே மறுபடி அடுக்கினாள்.

"அக்கா, எதுக்குக்கா இதெல்லாம்? சாட்சிய மாத்துனா உங்க நர்ஸ் பதிவ அஞ்சு வருசம் ரத்து பண்ணிருவாங்க. என்னைய நேரா ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. எம்புள்ளய யார் பாப்பா?"

செலினுக்கும் வீட்டில் நர்ஸிங் படிக்கிற மகள் இருக்கிறாள். அம்மாவின் பதிவு பொய்ச்சாட்சிக்கு ரத்து என்று கல்லூரியில் தெரிந்தால் அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு நடமாடும்? விரலை வைத்துவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். பஞ்சவர்ணம் மட்டும் இருக்கமாட்டாள். இப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கூடத்துக்குள் போனாள். இளவழுதி திரையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வாங்க சிஸ்டர். இந்த எடத்துல கட்டைவிரல். ஒரு நிமிஷ வேலைதான்."

"நான் பாக்கல சார்."

"எதை?"

"ஞாயித்துக்கெழம ஊத்துனத. தொட்டியப் போன புதன்கிழம மாத்திட்டாங்க. எனக்கு ஞாபகத்துல இருக்கிறது பழைய தொட்டி."

இளவழுதி பெருமூச்சு விட்டார். சாட்சிகள் கடைசி நிமிஷத்தில் தடுமாறுவது அவருக்குப் பழகிப்போனதாக இருக்க வேண்டும்.

"சிஸ்டர், பாவம்னு தோணுறது இயல்பு. ஆனா பட்டை தொட்டி என்ன நிறம்னு பாக்காது. காட்சி மூளையில இருக்கா இல்லையான்னு மட்டும்தான் பாக்கும். இருக்கு. பச்சை. கோர்ட்டே ஏத்துக்கிட்டது."

"காட்சி இருக்கு சார். இல்லங்கல. ஆனா அது எந்தத் தேதிக் காட்சின்னு உங்க பட்டைக்குத் தெரியுமா?"

அவர் திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணு செய்யுங்க," என்றாள் செலின். "பழைய பதிவுல அஞ்சு தேதி எடுங்க. எந்தத் தேதின்னு எனக்குச் சொல்லாதீங்க. அதுல நான் லீவுல இருந்த நாளும் கலந்திருக்கட்டும். கட்டில் நம்பரையும் மருந்தையும் மட்டும் கேக்கச் சொல்லுங்க. லீவு நாளுக்குச் சிவப்பு எரிஞ்சா, நீங்க சொன்ன எடத்துல விரல வைக்கிறேன்."

இளவழுதி வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மறுத்திருக்கலாம். ஆனால் காபியை மேசையில் வைத்துவிட்டு, திரையில் எதையோ தேட ஆரம்பித்தார். செலின் தானே பட்டையை எடுத்து நெற்றியில் கட்டிக்கொண்டாள்.

"கட்டில் ஏழு. மார்ஃபின். மிச்சம் எட்டு மில்லி," என்றது பட்டை. அவள் கண்ணை மூடினாள். நிலோஃபர் கைதானா அது, வேறு யார் கையா? சிரிஞ்சு சாய்ந்தது. எவர்சில்வர் தொட்டி. பச்சை.

"கட்டில் இருபது. ஃபென்டனில். மிச்சம் ஒரு மில்லி." அதே தொட்டி. பச்சை.

மூன்றாவதும் பச்சை. நாலாவதும். ஐந்தாவதும் பச்சைதான். இளவழுதி வருகைப் பதிவைத் திறந்து, தேதிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போனவர், நடுவில் நின்றுவிட்டார்.

"ரெண்டாவது கேள்வி... அன்னைக்கு நீங்க மதுரை ஆஸ்பத்திரியில இருந்திருக்கீங்க சிஸ்டர். பித்தப்பை ஆபரேஷன்."

"மயக்கத்துல படுத்துக்கிட்டே மருந்து ஊத்துறதப் பாத்திருக்கேன் பாருங்க," என்றாள் செலின். சிரிக்கத்தான் நினைத்தாள், அழுகை வந்தது.

இளவழுதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"இந்தப் பச்சையை நம்பி நான் மட்டும் இந்த மாவட்டத்துல பதினேழு பேர உள்ள அனுப்பியிருக்கேன்," என்றார். அதை அவர் யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பழைய அதிகாரியாகிவிட்டார். மனுஷர்களுக்குப் பிடிமானம் வேண்டும், அவருடைய பிடிமானம் வேலைதான்.

"சரி. மிச்ச மருந்துக்குச் சாட்சி இல்ல. அப்ப அது கடைசியா யார் கையில இருந்துச்சு?"

எல்லாரும் வாசற்படியில் நின்றிருந்த நிலோஃபரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் டிரேயை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"ஊத்துனேன்னுதான் சார் ஞாபகம். சத்தியமா நான் எடுக்கல. என் ரத்தத்த வேணா எடுத்துச் சோதிச்சுப் பாருங்க."

"ஊத்தலன்னா வச்சிருக்கணும். வச்சிருந்தா யாருக்காச்சும் போட்டிருக்கணும். பதினொண்ணாம் கட்டிலுக்குப் போட்டிருக்கு," என்றார் இளவழுதி. பெண் போலீஸைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பெண் பஞ்சவர்ணத்தின் பக்கத்திலிருந்து எழுந்து நிலோஃபரை நோக்கி நடந்தாள். டிரே கீழே விழுந்து சிரிஞ்சுகள் உருண்டன.

செலின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தியைக் காப்பாற்றப் போய் இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுத்துவிட்டோமா?

"அந்தப் புள்ளய விடுங்க."

பஞ்சவர்ணம் பேசினாள். வந்ததிலிருந்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அது ஒண்ணும் எடுக்கலய்யா. ஊசி போட்டுச்சு, யாரோ விழுந்துட்டாகன்னு கத்துனாக. ஊசிய அப்புடியே கட்டில் பக்கத்து டிரேயில வச்சுட்டு ஓடுச்சு. அம்புட்டுதேன்."

"அப்புறம்?" என்றார் இளவழுதி.

பஞ்சவர்ணம் அவரைப் பார்க்கவில்லை. செலினைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் துளிகூட இல்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது.

"கோவிச்சுக்காதீக சிஸ்டரம்மா. சொல்லக் கூடாதுன்னுதேன் இருந்தேன். இந்தப் புள்ள பச்சப் புள்ளக்காரி. அதேன் சொல்றேன். டிரிப் மிசினு கீ கீன்னு கத்துச்சு. நீங்க ஓடி வந்தீக. பைப்பு அடச்சிருக்கு, கழுவி விடுறேன்னு சொல்லி அந்த ஊசிய எடுத்து ஏத்துனீக. இனிமே சரியா எறங்கும்மான்னு என் தோளத் தட்டிட்டுப் போனீக. அதுக்கப்புறம்தேன் அவரு மொனகாம தூங்குனாரு. ரெண்டு மாசத்துல அன்னைக்குத்தேன் மொனகாமத் தூங்குனாரு."

செலின் ஞாபகத்தைத் துழாவினாள். மிஷின் கத்தியது நினைவிருந்தது. அடைப்பெடுக்க சலைன் ஏற்றியதும் நினைவிருந்தது. ஒவ்வொரு நாளும் இருபது தடவை செய்கிற வேலை. பத்து மில்லி சிரிஞ்சு, தண்ணீர் மாதிரி தெளிந்த மருந்து, பெயர் ஒட்டாதது. சலைன் என்றுதான் அவள் மனசு சொல்லியது. நிச்சயமாகச் சொல்லியது. அந்த நிச்சயம்தான் அவளை இப்போது பயமுறுத்தியது.

"நாலு நாளா ஏம்மா இதச் சொல்லல?" என்று கேட்டார் இளவழுதி. அதட்டலாக ஆரம்பித்த குரல் முடியும்போது தணிந்துவிட்டது.

"எப்புடிய்யா சொல்றது? நான் முந்துன நாளு வாய்விட்டு அழுதத இவுக கேட்டாக. என் பாட்டப் பாத்து இரக்கப்பட்டு, பெரிய மனசு பண்ணி அவர அனுப்பி வச்சாகன்னு நெனச்சேன். எனக்காகச் செஞ்சவுகளப் போயி எப்புடிக் காட்டிக் குடுப்பேன்? நான் தனிக்கட்ட. எங்க இருந்தா என்ன?"

நாலு நாளாகச் செலினின் ஞாபகம் பஞ்சவர்ணத்தை ஜெயிலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் வாயை மூடிக்கொண்டு அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

இளவழுதி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், பட்டை இன்னும் உங்க நெத்தியிலதான் இருக்கு. நீங்க ஏத்துனது சலைனான்னு கேட்டா என்ன சொல்லும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னைக்கு வரைக்கும் சட்டத்துல இதுக்குத்தான் மதிப்பு. இந்தம்மா சொல்றதுக்கு வேற சாட்சி கிடையாது. கேக்கவா?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. நாள் முழுக்க ஓடி ஓடிச் சாகிற ஒரு நர்ஸை விட்டுவிட வழி இருக்கிறதே என்றுதான் கேட்டார். பச்சை எரியும். பஞ்சவர்ணமும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். மருந்து எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க வழியில்லை என எழுதி வழக்கை மூடிவிடலாம், யாரும் ஜீப்பில் ஏற வேண்டியதில்லை. எல்லாம் அவ்வளவு லேசாக முடிந்துவிடும்.

செலின் பட்டையைக் கழற்றினாள். ரப்பர் பிடித்திருந்த இடம் நெற்றியில் எரிந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு பஞ்சவர்ணத்திடம் போய், அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். சொரசொரப்பான, சூடான கை.

"இரக்கம் இல்லம்மா," என்றாள்.

பஞ்சவர்ணத்துக்குப் புரியவில்லை.

"நான் இரக்கப்பட்டுப் போடல. பெரிய மனசும் பண்ணல. அவசரம்மா. சலைன்னு நெனச்சு எடுத்துட்டேன். அதுல மருந்து இருந்தது எனக்குத் தெரியாது. அன்னைக்கு ஒங்க வீட்டுக்காரர் மூஞ்சியக்கூட நான் சரியாப் பாக்கல."

இளவழுதி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வாக்குமூலம் எழுத ஒரு வெள்ளைத் தாளைத் தேடி எடுத்தார்.

நாலு நாளாகப் பஞ்சவர்ணம் மனசுக்குள் கட்டிவைத்திருந்த ஒரு நல்ல காரியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருந்தது.

"அப்ப, அத ஏத்தாம இருந்திருந்தா... இன்னும் இருந்திருப்பாராம்மா?"

டாக்டர் சொன்னது செலினுக்குத் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். யாரும் பட்டை கட்டிப் பார்க்கப்போவதில்லை.

"இருந்திருப்பாரும்மா. பத்து, பதினஞ்சு நாளு."

"பேசியிருப்பாரா?"

"பேசியிருப்பாரு."

பஞ்சவர்ணம் தன் கையை உருவிக்கொண்டாள்.